டுபிலுமாப் ஊசியா, உபடாசிட்டினிப் மாத்திரையா?

அல்சூர்வாசி: தம்பிக்கு 34 வயசு, உடம்பெல்லாம் எக்ஸிமா (அரிப்போட வர்ற தோல் அழற்சி). ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைச்சாலே திரும்ப வருது. பெங்களூருலதான் பார்க்கிறோம். இந்த ரெண்டுல எது சரி?

தோல்நலம்: ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்த வேண்டாம்ங்க, படிப்படியாத்தான் குறைக்கணும். வளர்ந்த பிறகு புதுசா வந்ததுன்னா எக்ஸிமாதானான்னு முதல்ல உறுதி பண்ணுங்க. படர்தாமரைக்குத் தோலைச் சுரண்டி கே.ஓ.ஹெச். டெஸ்ட், ஒவ்வாமைக்குப் பேட்ச் டெஸ்ட், சந்தேகம்னா பயாப்ஸி (தோல்ல சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிறது). சிரங்கையும் பார்க்கணும். கடையில கேட்டு வாங்குற க்ளோபெட்டசால் (வீரியமான ஸ்டீராய்டு) கலவை க்ரீம் படர்தாமரையோட உருவத்தையே மாத்திடும், அங்கதான் பலர் ஏமாறுறாங்க.

மருந்தாளர்: டுபிலுமாப் முதல் நாள் 600 மி.கி., அப்புறம் 2 வாரத்துக்கு ஒருமுறை 300. ஃப்ரிட்ஜ்ல 2–8 டிகிரி, 300 மி.கி. சிரிஞ்சைப் போடுறதுக்கு 45 நிமிஷம் முன்னாடி வெளிய எடுங்க. கண் சிவந்து அரிச்சா கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. 16 வாரம் பொறுத்துப் பாருங்க.

தோல்நலம்: உபடாசிட்டினிப் தினம் 15 மி.கி., அரிப்பு சீக்கிரமே அடங்கும். ஆனா ஆரம்பிக்கும் முன்ன காசநோய், மஞ்சள் காமாலை பி, சி, ரத்த அணுக்கள், கல்லீரல், கொழுப்பு எல்லாம் பார்த்தே ஆகணும். நம்ம நாட்டுல காசநோய் டெஸ்டைத் தவிர்க்கவே கூடாது. அக்கி வரலாம், தடுப்பூசி பத்திக் கேளுங்க. தம்பி புகைபிடிப்பாரா? ரத்தக்கட்டு வந்திருக்கா? அப்படின்னா ஊசிதான் என் தேர்வு.