அரசு கணக்குல புகார் போட்டீங்களா, பதில் வந்துச்சா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கடைசிபெஞ்ச்:

வணக்கம் மக்களே. ஒரு உள்ளாட்சி அலுவலகத்தோட ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்கு ரெண்டையும் மூணு வருஷம் பாத்துக்கிட்டவன் நான். இப்ப வேற வேலைக்கு வந்துட்டேன். பதில் போடற பக்கம் உக்காந்திருந்தவனும் சரி, புகார் போட்ட பக்கம் நின்னவங்களும் சரி, ரெண்டு பேரும் ஒரே இடத்துல பேசினா நல்லா இருக்கும்னு தோணுச்சு, அதான் ஆரம்பிக்கறேன்.

நான் சேர்ந்தப்போ கையில ஒரு ஃபைல் குடுத்தாங்க. அதுல இருந்தது ஒரே ஒரு வரி. "தங்கள் புகார் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது, நன்றி." குழி, குப்பை, குடிதண்ணி, நாய்க்கடி எதுவா இருந்தாலும் அதை காப்பி பண்ணி ஒட்டணும். துறைக்கு அனுப்பறதும் உண்மைதான், மெயில் போகும். அதுக்கப்புறம் அது என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியாது. எங்கிட்ட திரும்பி வர்ற வழியே கிடையாது.

ஒருத்தர் தினமும் காலையில ஒரு படம் போடுவார். சாக்கடை மூடி ஒண்ணு பாதியா உடைஞ்சு கிடக்கும், பக்கத்துல பள்ளிக்கூட ஸ்கேல் ஒண்ண வெச்சிருப்பார், ஓட்டை எவ்வளவு பெருசுன்னு தெரியறதுக்கு. மேல "முதல் நாள்", "ரெண்டாம் நாள்"னு எண்ணிக்கிட்டே வந்தார். நானும் அதே வரியை ஒட்டிக்கிட்டே வந்தேன். பன்னெண்டாவது நாள் படத்துல அந்த ஓட்டைக்கு மேல யாரோ ஒரு தென்னை மட்டைய குத்தி நட்டு வெச்சிருந்தாங்க, விழுந்துடக் கூடாதேன்னு. அதைப் பாத்ததும் என்னால அந்த வரிய ஒட்ட முடியல. மதியம் சாப்பிடப் போற நேரத்துல நேரா அந்தத் தெருவுக்குப் போயி நானே பாத்தேன், பொறியாளருக்குப் போன் போட்டேன். அந்த அளவு மூடி ஸ்டாக்ல இல்ல, ஆர்டர் போட்டிருக்கு, வர ரெண்டு வாரம் ஆகும்னார். அதுவரைக்கும் சுத்தித் தடுப்பு வைக்கச் சொல்லிட்டு, தடுப்போட ஒரு படம் எடுத்து, காரணத்தையும் தேதியையும் அப்படியே எழுதிப் போட்டேன். என் பேரையும் கீழ போட்டேன், அது அதுவரைக்கும் வழக்கத்துல இல்ல.

பதின்மூணாம் நாள் படம் வரல. அதுக்குப் பதிலா அவரே இன்னொருத்தரோட கமெண்டுக்குக் கீழ பதில் எழுதிக்கிட்டு இருந்தார், "இந்த அளவு மூடி ஸ்டாக் இல்லையாம்ங்க, ரெண்டு வாரம் ஆகும், உங்க தெருவுக்கும் தடுப்பு கேளுங்க, வைப்பாங்க"ன்னு. அதுவரைக்கும் எங்களத் திட்டிக்கிட்டு இருந்த மனுஷன் எங்களுக்காக வேலை பாக்க ஆரம்பிச்சுட்டார். அந்த மாற்றத்தை நான் கண்ணால பாத்தேன்.

ஸ்பெயின்ல கிரனாடா பக்கத்துல ஹூன்னு ஒரு சின்ன ஊர், சுமார் 3,500 பேர்தான். அங்க மேயர்ல இருந்து தெரு கூட்டறவர் வரைக்கும் ட்விட்டர் கணக்கு வெச்சிருந்தாங்க, மக்கள் தங்க கணக்கை நகர்மன்றத்துல போயி உறுதிப்படுத்திக்கலாம். தெரு விளக்கு எரியலன்னு ஒருத்தர் எழுதினா மேயர் எலக்ட்ரீஷியனை டேக் பண்ணுவார், எலக்ட்ரீஷியன் விளக்கைச் சரி பண்ணிட்டு படத்தை அவரே போடுவார். எனக்கு இதுல பிடிச்சதே அந்தக் கடைசிப் படம்தான். வேலை செஞ்ச கையே வந்து "முடிஞ்சது"ன்னு சொல்லுது.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க, நல்லதோ கெட்டதோ.

மழைத்துளி:

அண்ணா, நீங்க சொன்ன "திரும்பி வர்ற வழி" வெள்ளத்தப்போ இல்லாம நாங்க பட்ட பாடு இருக்கே, அதை நினைச்சா இன்னிக்கும் தூக்கம் வராது.

நாங்க ஒரு பத்து பன்னெண்டு பேர் வீட்ல இருந்தே உதவி கேக்கறவங்க தகவலை ஒரு ஷீட்ல சேத்துக்கிட்டு இருந்தோம், யார், எங்க, எத்தன பேர், போன் நம்பர். அதை மேப்ல போட்டு படகு வெச்சிருக்கறவங்களுக்கு அனுப்பறது. ராத்திரி ஒரு மெசேஜ் வந்துச்சு, மொட்டை மாடியில கைக்குழந்தையோட ஒரு குடும்பம், உடனே ஷேர் பண்ணுங்கன்னு. நாங்க ஷேர் பண்ணினோம், ஊரே ஷேர் பண்ணுச்சு. மூணு நாள் கழிச்சும் அதே மெசேஜ் சுத்திக்கிட்டு இருந்தது, நானே மறுபடி ஒருதடவ போன் போட்டேன். எடுத்த ஐயா சொன்னார், "நாங்க மொத நாள் காலையிலயே வெளிய வந்துட்டோம்மா, தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க, இருக்கற கொஞ்சம் சார்ஜும் போயிடும், என் பையன் வேற இடத்துல மாட்டிக்கிட்டு இருக்கான், அவன் கூப்பிடுவான்." எனக்கு அழுகையே வந்துடுச்சு. உதவி பண்றோம்னு நினைச்சு அந்த மகன் கூப்பிடற லைனையே நாங்க அடைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

அதுக்கப்புறம்தான் ஷீட்ல ரெண்டு கட்டம் சேத்தோம், கடைசியா யார் சரிபாத்தா, எத்தன மணிக்கு. நேரம் இல்லாத தகவலை ஷேர் பண்றதில்லன்னு முடிவு பண்ணினோம். நாலாவது நாள் அரசு கட்டுப்பாட்டு அறையில இருந்து ஒரு அம்மா எங்க குரூப்ல சேந்தாங்க, யார் உத்தரவுலயும் இல்ல, அவங்களாவே. மீட்டாச்சுன்னு தெரிஞ்சதும் அவங்க உடனே "முடிந்தது" அடிச்சு நேரம் போடுவாங்க. அந்த ஒரு ஆள் வந்ததுல எங்க வேலை பாதியாக் குறைஞ்சது. அவங்களுக்கும் தெருத்தெருவா தகவல் குடுக்க ஆள் கிடைச்சுது.

2011 ஜனவரியில ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து வெள்ளத்தப்போ அங்க போலீஸ் இதை எவ்வளவு நல்லா செஞ்சாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுகிட்டேன். அதிகாரிங்க பேசறதைக் கேக்கக் கேக்கவே ஃபேஸ்புக்லயும் ட்விட்டர்லயும் போட்டாங்க, வதந்தி கிளம்பினா "மித்பஸ்டர்"னு ஒரு ஹேஷ்டேக் போட்டு இது பொய்னு உடனே சொல்லிடுவாங்க. மேலிடத்துல கையெழுத்து வாங்கி நாலு மணி நேரம் கழிச்சு வர்ற சரியான தகவலால தண்ணிக்குள்ள நிக்கறவனுக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்க.

வழிப்போக்கன்77:

என் கதை சுருக்கம். புகார் போட்டேன், "டிஎம்ல (தனி மெசேஜ்ல) விவரம் அனுப்புங்க"ன்னாங்க, அனுப்பினேன், புகார் எண் வந்துச்சு. ஒரு வாரத்துல "தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ். வெளிய வந்து பாத்தா குழி அப்படியே இருக்கு. மறுபடி கேட்டா பழைய எண் முடிஞ்சுடுச்சு, புதுசாப் பதிவு பண்ணுங்கன்னாங்க. அதோட விட்டுட்டேன்.

இங்கிலாந்துல 2007ல மைசொசைட்டிங்கற அமைப்பு ஆரம்பிச்ச ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்னு ஒரு தெருப் புகார் வெப்சைட்ல நாலு வாரம் கழிச்சு புகார் போட்டவரையே கேப்பாங்க, "சரியாச்சா?"ன்னு. கூடவே இன்னொரு கேள்வி, உள்ளாட்சிக்குப் புகார் சொல்றது இதுதான் உங்களுக்கு முதல் தடவையான்னு. முடிஞ்சதா இல்லையான்னு சொல்ற உரிமை குழியைத் தாண்டிப் போறவன்கிட்டயும் இருக்கணும்ங்க. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எழுத்தாணி:

நான் புகார் கதை சொல்லப் போறதில்ல, பஸ் ரூட் மாத்தறதுக்கு கருத்து கேட்டப்போ நடந்ததைச் சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஃபேஸ்புக் போஸ்ட்டா போட்டு கருத்து சொல்லுங்கன்னாங்க. ரெண்டே நாள்ல அது சண்டைக்காடு ஆயிடுச்சு. மேல் தெருக்காரங்களுக்கும் கீழ் தெருக்காரங்களுக்கும் வாய்ச்சண்டை, நாலு பேர் மட்டும் நாள் பூரா மாத்தி மாத்தி எழுதறாங்க, தினமும் அந்த பஸ்ல போற நர்ஸுங்க, வயசானவங்க ஒருத்தர் சத்தமும் இல்ல. நானும் சண்டையில கலந்துகிட்டேன்.

ரெண்டாவது தடவை வேற ஏஜென்சிக்காரங்க வந்தாங்க. இந்தத் தடவை கருத்து எழுதலாம், மத்தவங்க கருத்துக்கு சம்மதம், சம்மதமில்ல, தெரியலன்னு அமுக்கலாம், ஆனா பதில் எழுத முடியாது. எனக்கு முதல்ல கோவம் வந்துச்சு, இது என்ன வாயக் கட்டற வேலைன்னு. ஆனா பதில் பொத்தான் இல்லாததால சண்டை போட இடமே இல்ல, அப்போ மனுஷன் என்ன பண்றான், எதிர்த் தரப்புக்கும் பிடிக்கற மாதிரி ஒரு வாக்கியம் எழுத யோசிக்கறான். கடைசியில ரெண்டு தெருவும் சேந்து சம்மதம் சொன்ன ஒரு விஷயம் கிடைச்சுது, ராத்திரி கடைசி பஸ்ஸை நிறுத்தக் கூடாது. அதை யாரும் அதுவரைக்கும் பேசவே இல்ல!

இது தைவான்ல இருந்து வந்த வழின்னு பின்னாடி சொன்னாங்க. 2015ல ஊபரை என்ன செய்யறதுன்னு வி-தைவான்ங்கற மக்கள் கருத்து கேக்கற திட்டத்துல போல்.இஸ்னு ஒரு இணையக் கருவி வெச்சு இப்படித்தான் கேட்டாங்க, பயணிகளுக்கு இன்சூரன்ஸ் வேணும், ஓட்டுறவங்களுக்கு முறையான லைசென்ஸ் வேணும்ங்கற மாதிரி விஷயங்கள்ல ரெண்டு பக்கமும் ஒத்துப்போனது தெரிய வந்துச்சு, விதிகளும் அதை ஒட்டி வந்துச்சு.

இன்னொண்ணையும் சொல்லணும். எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு அட்டவணை போட்டாங்க: நீங்க சொன்னது, நாங்க செஞ்சது, செய்யலன்னா ஏன். என் யோசனை செய்யாத பக்கத்துல இருந்துச்சு. நான் சொன்ன வழியில ஒரு பழைய பாலம், பஸ்ஸோட எடையைத் தாங்காதுன்னு போட்டிருந்தாங்க. எனக்கு வருத்தமே இல்ல, நம்புங்க. படிச்சுப் பாத்து, பாலத்தைப் போயி பாத்து, முடியாதுன்னு சொல்லியிருக்காங்க. அடுத்த தடவை கேட்டாலும் எழுதுவேன். ஐஸ்லாந்துக்காரங்களை நினைச்சாத்தான் எனக்கு மனசு கனக்கும், 2011ல மக்கள் தேர்ந்தெடுத்த 25 பேர் அரசியலமைப்பு வரைவை இணையத்துல போட்டுப் போட்டு ஃபேஸ்புக்ல எல்லாரோட கருத்தும் வாங்கி எழுதினாங்க, 2012 அக்டோபர் வாக்கெடுப்புல மூணுல ரெண்டு பங்கு பேர் அதை அடிப்படையா வெச்சுக்கலாம்னு சொன்னாங்க, நாடாளுமன்றம் நிறைவேத்தவே இல்ல.

மழைத்துளி:

கடைசிபெஞ்ச் அண்ணா, ஒண்ணு கேக்கணும். திட்டற கமெண்ட்டை நீங்க டெலிட் பண்ணுவீங்களா? எங்க குரூப்ல பல பேரை பிளாக் பண்ணிட்டாங்கன்னு புலம்பல்.

எழுத்தாணி:

அது இருக்கட்டும், அந்த மூடி வந்துச்சா இல்லையா? சொல்லாமலே விட்டுட்டீங்களே!

கடைசிபெஞ்ச்:

மழைத்துளிம்மா, கெட்ட வார்த்தை, சாதி சொல்லித் திட்டறது, யாரோட போன் நம்பராவது போடறது, இதுக்கு மட்டும் மறைப்போம், அதுவும் விதியை எங்க பக்கத்தோட மேலயே எழுதி ஒட்டி வெச்சிருந்தோம். அலுவலகத்தைத் திட்டினா விட்டுடணும். அமெரிக்காவுல 2024ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் இது போச்சு, ஒரு நகர அதிகாரி தன் ஃபேஸ்புக் பக்கத்துல விமர்சனம் பண்ணினவரை பிளாக் பண்ணின வழக்கு. அரசு சார்பாப் பேசற அதிகாரம் அவருக்கு நிஜமாவே இருந்துச்சா, அந்தப் பதிவுல அந்த அதிகாரத்தை வெச்சுத்தான் பேசினாரான்னு பாக்கணும்னாங்க. அதனால சொந்தப் பக்கத்தையும் ஆபீஸ் பக்கத்தையும் கலக்காதீங்கன்னு எனக்கப்புறம் வந்த பொண்ணுகிட்ட முதல் நாளே சொல்லிட்டுத்தான் வந்தேன். இன்னொண்ணு, இதுக்கு ஒரே ஒரு ஆளைப் போட்டு ராத்திரி பகல் பாக்க வெச்சா அந்த ஆளும் ஒரு கட்டத்துல அதே வரிய ஒட்ட ஆரம்பிச்சுடுவாங்க. நானே அப்படித்தான் இருந்தேன்.

எழுத்தாணி, மன்னிக்கணும், மறந்தே போச்சு. நான் தேதி போட்டதுல இருந்து பதினெட்டு நாள் ஆச்சுங்க, சொன்னதை விட நாலு நாள் தாமதம். பதினஞ்சாம் நாளே "தாமதமாகுது, வண்டி கிளம்பல"ன்னு போட்டுட்டேன். மூடி போட்ட அன்னிக்கு நான் படம் எடுக்கப் போறதுக்குள்ள அவரே போட்டுட்டார். புது மூடி, சுத்தி சிமெண்ட் இன்னும் ஈரமா இருக்கு, அதே ஸ்கேல் இந்தத் தடவை மூடி மேல.