சிறிய டீசல் இயந்திரத்தில் பூஸ்ட் கூட்டியவர்கள்: பெங்களூரு அனுபவங்கள்

அல்சூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

டர்போ டீசல் வண்டியின் பிக்கப்பைக் கூட்ட நினைக்கும் நண்பர்கள், எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கேட்பதற்கு முன்பு, டர்போவுக்குள் நுழையும் புகையின் வெப்பம் எவ்வளவு ஏறும் என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. (டர்போ என்பது வெளியேறும் புகையால் டர்பைன் சுழன்று, காற்றை இயந்திரத்துக்குள் அழுத்தி அனுப்பும் கருவி; அந்த அழுத்தம்தான் பூஸ்ட்.) என்னுடையது 1248 சிசி காமன் ரயில் இயந்திரம், அதாவது ஒரு பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி, கணினிக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் வகை. 75 குதிரைத்திறன் தரும், வேஸ்ட்கேட் (பூஸ்ட் மிகாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வு) வைத்த சாதாரண டர்போ வகை. ரீமேப் (இயந்திரக் கணினியின் மென்பொருளில் டீசல், பூஸ்ட் அளவுகளை மாற்றுவது) செய்வதற்கு முன்பே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாய்த் தொகுதியில், வெப்பத்தை அளக்கும் ஒரு கே வகை தெர்மோகப்பிளைப் பொருத்தச் சொன்னேன். மேனிஃபோல்டைக் கழற்றிய பிறகே துளையிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். துளையிடும்போது உதிரும் இரும்புத்துகள் ஒன்று டர்பைன் இறக்கையில் பட்டாலே போதும், டர்போ போய்விடும். டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் குழாயில் பொருத்துவது சுலபம்தான். ஆனால் டர்பைன் தன் வேலைக்கு வேண்டிய ஆற்றலை அந்தப் புகையிலிருந்தே எடுத்துக்கொள்வதால், பாரம் ஏறியிருக்கும் வேளையில் அங்கே காட்டும் அளவு நூறு டிகிரிக்கும் மேல் குறைந்திருக்கக்கூடும்.

டீசலில் சக்தியைத் தீர்மானிப்பது உள்ளே பீய்ச்சப்படும் எரிபொருளின் அளவு. ஒரு கிலோ டீசல் முழுவதுமாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும் என்றாலும், இரண்டும் கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், காற்றின் பங்கு 18 கிலோவை ஒட்டி இறங்கும்போதே கரும்புகை தலைகாட்டத் தொடங்கும். எரிபொருளை மட்டும் கூட்டினால் புகையும் வெப்பமும் ஏறும். பூஸ்டை மட்டும் கூட்டினால் வெப்பம் சற்றுத் தணியும், ஆனால் வண்டி இழுப்பதில் பெரிய மாற்றம் தெரியாது. ஆகவே முதலில் காற்றுக்கு வழி செய்துவிட்டு, அந்தக் காற்று எரிக்கக்கூடிய அளவுக்கே டீசலைக் கூட்ட வேண்டும்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு கணக்கும் உண்டு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே 0.91 பார் அளவில்தான் இருக்கிறது. வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரில் 1 பார் என்று காட்டினால் சென்னையில் இயந்திரத்துக்குக் கிடைப்பது மொத்தம் 2 பார், இங்கே 1.9 மட்டுமே. அதே 1 பாரைக் காட்டுவதற்கு டர்போ சென்னையைவிட வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு அழுத்தும்போது காற்றின் சூடும் நூறு டிகிரியை ஒட்டி உயர்கிறது. சமவெளியில் ஒருவர் வைத்துக்கொண்ட பூஸ்ட் அளவை அப்படியே இங்கே வைத்துக்கொள்வது டர்போவின் ஆயுளைக் குறைக்கும் வேலை.

ரீமேப்புக்குப் பிறகு, குடும்பத்தோடும் பெட்டிகளோடும் ஏசி ஓட, கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் நோக்கி ஏறும் நீண்ட ஏற்றத்தில் தெர்மோகப்பிளின் மீட்டரைக் கவனித்தேன். மணிக்கு நூறு கிலோமீட்டரில் நான்காவது கியரில் முழுதாக மிதித்தபோது முள் 600 டிகிரியைத் தாண்டி, சற்றும் நிற்காமல் 700-ஐத் தொட்டது. காலை எடுத்ததும் சில வினாடிகளிலேயே இறங்கிவிட்டது. பிஸ்டனின் அடிப்படை உலோகமான அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அடியிலிருந்து பீய்ச்சப்படும் ஆயிலும், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் புதுக்காற்றும் ஆற்றிக்கொண்டே இருப்பதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. நகரத்துக்குள் சிக்னலுக்குச் சிக்னல் சீறிப் பாயும் வண்டிக்கு இந்த ஆபத்து அவ்வளவாக இல்லை, நெடிய ஏற்றத்தில்தான் இருக்கிறது. ஊர் திரும்பியதும் ரீமேப் செய்தவரிடம் சொல்லி, மேல் ஆர்பிஎம்மில் டீசலைக் குறைத்து வாங்கிக்கொண்டேன். இப்போது அதே ஏற்றத்தில் 650-ஐத் தாண்டுவதில்லை. கீழ் ஆர்பிஎம்மில் கிடைத்த இழுவையும் அப்படியே இருக்கிறது.

ஸ்ரீராம்புரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணன் சொன்னது காமன் ரயில் வண்டிக்கு. என்னிடம் இருப்பது கணினி இல்லாமல் டீசலை அளந்து பீய்ச்சும் சுழல் வகை விஇ பம்பு வைத்த பழைய டர்போ டீசல். இதில் எல்லாமே ஸ்பேனர் வேலைதான். பம்பின் தலையில் ஒரு டயாஃப்ரம் (வளையும் சவ்வு) இருக்கிறது. பூஸ்ட் ஏற ஏற அது ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு கீழே இறங்கும். அதோடு இறங்கும் கூம்பு வடிவ ஊசி (பின்), அந்தந்தப் பூஸ்டுக்கு ஏற்ப டீசலைக் கூட்டிவிடும். ஆனால் பல மெக்கானிக்குகள் இதைத் தொடாமல், பின்பக்கம் இருக்கும், டீசலின் உச்ச அளவை வைக்கும் முழுப்பார ஸ்குரூவை மட்டும் உள்ளே முறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பூஸ்ட் வருவதற்கு முன்பே டீசல் கூடிவிடுகிறது. சிக்னலில் கிளம்பும்போது பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்காரர் முகத்தில் கரும்புகை அடிப்பது இதனால்தான். ஐடிலிங் வேகமும் கூடிவிடும்.

டீசல் பம்புகள் செய்த ஆடுகோடி மைக்கோ தொழிற்சாலை இருந்த ஊர் என்பதால் பம்பு வேலை தெரிந்த நம் ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். நான் பம்பைக் கழற்றி அப்படி ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் டயாஃப்ரத்தைத் தூக்கி, ஊசியின் கூம்பு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் கடையப்பட்டிருப்பதை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். டயாஃப்ரத்தைச் சற்றுத் திருப்பி வைத்தாலே பூஸ்டோடு கூடும் டீசலின் அளவு மாறும். அவர் திருப்பியது கால் வட்டம்கூட இருக்காது. முழுப்பார ஸ்குரூவைத் தொடவே இல்லை. இரண்டாவது கியரில் ஏறும் இழுவை இப்போது வேறாக இருக்கிறது, புகைச் சான்றிதழ் சோதனையிலும் தடையில்லாமல் தேறியது.

பொம்மனஹள்ளியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ட்யூனிங் பாக்ஸ் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த டப்பா பெரும்பாலும் ரயில் பிரஷர் சென்சரின் சிக்னலைக் குறைத்துக் காட்டும். இசியு (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினி) அதை நம்பிப் பம்பின் அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் பத்து சதவீதம் ஏறினால் டீசல் கூடுவது ஐந்து சதவீதம்தான், ஆனால் பம்பும் இன்ஜெக்டரும் அந்தப் பத்து சதவீதத்தையும் முழுதாகத் தாங்க வேண்டும். நான் அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அதைவிட முக்கியமாக, பூஸ்ட் போதவில்லை என்று எதையும் முறுக்குவதற்கு முன்பு டர்போவிலிருந்து காற்று போகும் ஹோஸ்களைப் பாருங்கள். என் வண்டியில் புகையும் மந்தமும் சேர்ந்தே இருந்தன. இன்ஜெக்டர் மாற்ற வேண்டும் என்றுகூட ஒரு கடையில் சொன்னார்கள். இன்னொரு மெக்கானிக் டர்போவின் வாயைப் பிவிசி மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் கீழே, கிளாம்புக்கு அருகில் ஹோஸ் மடிந்திருந்த இடத்தில் நுரை பொங்கியது. கையால் பிரித்துப் பார்த்தால்தான் கீறல் தெரிந்தது. ஹோஸை மாற்றியதும் கம்பெனி பூஸ்டே எனக்குப் போதுமானதாகிவிட்டது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. இன்சூரன்ஸ் கோரிக்கை எழும்போது ரீமேப் பற்றிய கேள்வியும் எழலாம் என்பதால், அல்சூர் நண்பர் தம் வண்டியின் பழைய இசியு ஃபைலை ரீமேப் செய்தவரிடமிருந்து வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.