புதுப்பிப்பு: கே.எல்.ஐ.ஏ.வில் ஏறுமுன் நாசி லெமாக்

கே.எல்.ஐ.ஏ.வில், அதாவது கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தில், விமானம் ஏறுமுன் உள்ளூர்ச் சாப்பாடு எங்கே என்ற முந்தைய இழைக்குத் தொடர்ச்சி. டெர்மினல் 2-ல் குடிநுழைவுக்கு முன்பே, கேட்வே மாலில் சாப்பிட்டுவிடுங்கள். உள்ளே பொதுவாக விலை கூடுதல். டெர்மினல் 1-லிருந்து ரயிலில் சுமார் 3 நிமிடம்தான், ஆனால் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சைவர்கள் கவனிக்க: நாசி லெமாக்கில், அதாவது நெத்திலியும் சம்பாலும் சேர்த்துத் தரும் தேங்காய்ப்பால் சோற்றில், நெத்திலியை ஒதுக்கினால் மட்டும் போதாது. சம்பால் என்ற மிளகாய் விழுதிலேயே பெலாச்சான், அதாவது புளிக்கவைத்த இறால் விழுது, வழக்கமாக அரைபட்டிருக்கும். கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு பிரச்சினையில்லை. பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்சல் வேண்டாம், ஆறினால் ரப்பர் மாதிரி இழுக்கும். சம்பால் டப்பா 100 மில்லிக்கு மேலிருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் வையுங்கள். பால் தேநீரில் இனிப்புக் குறைவாக வேண்டுமா? ‘தே தாரிக், குராங் மானிஸ்’ என்று கேளுங்கள்.