லிபெட் 'நிரூபித்துவிட்டாராம்'!

மேல்மாடி: பக்கத்து இழையில் ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார்: "சுயவிருப்பம் வெறும் பிரமை. மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-லேயே நிரூபித்தாயிற்று." நிரூபித்தாயிற்றாம்! தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி, தோன்றும்போது மணிக்கட்டை அசை என்றார்கள். எதிரே கடிகார வட்டத்தில் ஒரு ஒளிப்புள்ளி, 2.56 விநாடிக்கு ஒரு சுற்று. அசைக்கலாம் என்று தோன்றியபோது புள்ளி எங்கே இருந்தது என்று அந்த ஆளே பிறகு சொல்ல வேண்டும். இதில் மில்லிவிநாடிக் கணக்கு வேறு!

கறார்பேர்வழி: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லக்கூடத் தைரியமில்லை. அசைவுக்கு 550 மில்லிவிநாடி முன்பே மூளை தயாராகத் தொடங்குகிறது. எண்ணம் வந்ததாக ஆள் சொல்வது 200 முன்பு. இடையில் 350. அதற்குப் பதில் சொல்லுங்கள், புள்ளியை விடுங்கள்.

மேல்மாடி: அந்த 200 எங்கிருந்து வந்தது சார்? புள்ளியைப் பார்த்துச் சொன்னதிலிருந்துதானே?

கறார்பேர்வழி: லிபெட் உங்களைவிட விவரமானவர். தோலில் லேசாகத் தூண்டி, அந்த நேரத்தையும் அதே புள்ளியை வைத்துச் சொல்லவைத்தார். பிழை சுமார் 50. படிக்காமல் பேசுவது உங்களுக்குப் புதிதில்லை, கடவுள் இழையிலேயே பார்த்தோம்.

மேல்மாடி: தோலில் பட்டால் சுரீரென்று தெரியும். எண்ணம் அப்படியா வரும்? காபி போட எழுந்தீர்களே, எந்த நொடியில் நினைத்தீர்கள்? சொல்லிவிட்டு 350 பற்றிப் பேசுங்கள். கடவுள் இழையில் பாதியில் காணாமல் போனது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

சும்மாவந்தவள்: சுயவிருப்பம் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? அதை முதலில் சொன்னால் எங்களுக்கும் புரியும்.

மேல்மாடி: அது அப்புறம் மேடம். முதலில் புள்ளி.

பின்வரிசை: 2012-இல் மூளை ஆய்வாளர் ஷுர்கரின் குழு ஒன்று சொன்னது. மூளையில் எப்போதும் இருக்கும் மின் ஏற்ற இறக்கங்களை, அசைவிலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தாலே, மூளை தயாராவதுபோல் ஒரு மேடு பதிவில் தெரியுமாம். அப்படியானால் 550-இல் முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை.

கறார்பேர்வழி: அது வெறும் கணித மாதிரி. வந்துவிட்டார் வக்கீல்.

பின்வரிசை: வக்கீலா? போன மாதம் என்னிடம் கட்டுரை கேட்டு வாங்கிப் படித்தவர் பேசுகிற பேச்சா இது?

மேல்மாடி: பின்வரிசை, நன்றி. ஆனால் என் வாதம் அதுவல்ல, புள்ளி. கடைசி நொடியில் வேண்டாமென்று நிறுத்தும் சக்தி நமக்கு உண்டென்று லிபெட்டே எழுதினார். உங்கள் ஆள்தானே சார், அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

கறார்பேர்வழி: நிறுத்துவதையும் மூளைதான் செய்கிறது. 350-க்கு இன்னும் பதில் வரவில்லை.

மேல்மாடி: 200 யார் சொன்னது?