உதவி: நடுத்தர விலையில் நல்ல ஒலி தரும் ஹெட்ஃபோன் எது?

இரவுக்கச்சேரி: வணக்கம். காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் ஒன்று அவசரமாகத் தேவைப்படுகிறது. விலை நடுத்தரமாகவும் ஒலி நன்றாகவும் இருக்க வேண்டும். எல்லாரும் புகழும் மாடல் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மிருதங்கத்தின் தொப்பி ஒலி, அதாவது இடப்பக்கத்தின் தாழ்ந்த ஒலி, இருக்கிற இடமே தெரியவில்லை. எதை வாங்கலாம்?

காதுமடல்: வயர் உள்ளதா, புளூடூத்தா? போனிலா, கணினியிலா? எங்கே அமர்ந்து கேட்பீர்கள்? நண்பருடையது எந்த மாடல் என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லையே.

முந்நூறு_ஓம்: இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று, தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. புதிதாக வருபவர்கள் பேஸைத்தான், அந்தத் தாழ்ந்த ஒலியைத்தான், முதலில் கேட்பார்கள், காது பழகிய பிறகே குரலின் இயல்பைக் கவனிப்பார்கள். ஓப்பன் பேக், அதாவது பின்புறம் திறந்த வகை, வாங்குங்கள். 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 இன்றும் பேசப்படுவது சும்மா அல்ல. ஆனால் அதன் மின்தடை 300 ஓம். ஆம்ப் என்னும் மின்பெருக்கி இல்லாமல் போனில் செருகினால் ஈனக்குரல்தான் வரும்.

மில்லிவாட்: கேட்டவர் நடுத்தர விலை என்கிறார், நீங்கள் ஆம்பையும் சேர்த்து அவர் தலையில் கட்டுகிறீர்கள். ஓம் மட்டுமே எதையும் தீர்மானிப்பதில்லை. ஒரு வோல்ட் தரும் போன், 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஏறத்தாழ 3.3 மில்லிவாட் கொடுக்கும். அந்த ஹெட்ஃபோன் ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் தருவதாக வைத்துக்கொண்டால், உச்சத்தில் 102 டெசிபெல் கிடைக்கும். அதற்கு மேல் கேட்பவர் முதலில் தம் காதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

முந்நூறு_ஓம்: கணக்குப் போட்டு இசை கேட்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. நல்ல ஆம்பில் ஒலிக்கு வரும் உடற்கட்டை உங்கள் சூத்திரம் காட்டாது.

மில்லிவாட்: ஆம்ப் உள்ளது, இல்லாதது இரண்டின் ஒலியளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்கிவிட்டு, எது எதுவென்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். சற்றே உரக்க ஒலிப்பதுதான் பெரும்பாலும் நமக்கு நன்றாக ஒலிப்பதாகத் தோன்றும்.

இரவுக்கச்சேரி: மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். வயர் உள்ளதே போதும், மடிக்கணினியில் கேட்பேன். நண்பருடையது ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ். குழந்தை தூங்கிய பிறகு அதே அறையில்தான் கேட்க முடியும்.

காதுமடல்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஓப்பன் பேக் பேச்சே எழுந்திருக்காது. அதில் நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி குழந்தைக்கும் கேட்கும். ஆனால் எம்50எக்ஸ் பேஸ் குறைந்த மாடல் அல்லவே. சிலர் அதிகம் என்றே குறை சொல்வார்கள். நீங்கள் மூக்குக்கண்ணாடி அணிபவரா?

இரவுக்கச்சேரி: ஆமாம், தடித்த பிரேம். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காதுமடல்: அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மூடிய வகையில் காதைச் சுற்றியிருக்கும் பேட் தலையோடு ஒட்டி, உள்ளே அடைபட்ட காற்றை ஹெட்ஃபோனின் அதிரும் திரை அழுத்துவதால்தான் தாழ்ந்த ஒலி எழுகிறது; கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கி சிறு இடைவெளி விட்டால்கூடப் போதும், முதலில் கசிந்து போவது பேஸ்தான். அதே பாட்டின் அதே இடத்தைக் கண்ணாடியோடு ஒரு முறையும் கழற்றிவிட்டு ஒரு முறையும் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால், மெத்தென்ற துணி பேட் உள்ள பெயர்டைனமிக் டிடி 770 புரோவைப் போட்டுப் பார்க்கலாம். அது காம்பைச் சுற்றி ஓரளவு படியும். 32, 80, 250 ஓம்களில் வருகிறது. மடிக்கணினிக்கு 80 போதும்.

முந்நூறு_ஓம்: 250 ஓம்தான் அதன் உண்மையான குரல். ஆம்ப் வேண்டும்.

மில்லிவாட்: மறுபடியுமா?

இரவுக்கச்சேரி: கண்ணாடியைக் கழற்றியதும் தொப்பி கேட்டது. 80 ஓம் வாங்கிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

காதுமடல்: மகிழ்ச்சி. கண்ணாடியோடு புதியதில் பேஸ் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்; என் காம்பும் தடித்ததுதான்.

காதுமடல்: ஐயா, இருக்கிறீர்களா?