பிரஷ் ஸ்கிரிப்ட் ஃபான்ட்ல அடிச்ச ஸ்டிக்கர்ல எழுத்து சேர்ற இடமெல்லாம் ஓட்டை – அவசரம்

பேடாவேன்: பேடா கடை வேனுக்கு பேரு அடிச்சேன். ஸ்கிரீன்ல சூப்பரா இருந்துச்சு, இப்ப ஓட்டை ஓட்டையா வருது. சாயங்காலம் ஆற்காட்டுலருந்து வண்டி வந்துடும். சீக்கிரம் சொல்லுங்கபா.

கோட்டைவெளி: எந்த சாஃப்ட்வேர்? பிரின்டா, பிளேடு வெச்சு வெட்டுற கட்டிங்கா? தமிழா, இங்கிலீஷா? ஒண்ணுமே சொல்லலியே.

லாங்பஜார்: ஃபான்ட் கரப்ட் ஆயிருக்கும். தூக்கிட்டு மறுபடி போடு.

எழுத்தாணி: இங்கே பழைய பதிவுகளைத் தேடும் பழக்கம் யாருக்குமே இல்லை போலிருக்கிறது. பிரஷ் ஸ்கிரிப்ட் 1942-ல் ராபர்ட் ஸ்மித், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக வரைந்தது. விளம்பரத் தலைப்புக்கான எழுத்து. அதன் இயல்பு தெரியாமல் எடுத்தால் இப்படித்தான்.

லாங்பஜார்: 1942 இருக்கட்டும் சார், வேன் இன்னிக்கு வருது.

பேடாவேன்: கோரல் டிரா. கட்டிங். இங்கிலீஷ்.

பிளாட்டர்காரன்: இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. ஃபான்ட்டு நல்லாதான் இருக்கு. இந்த மாதிரி ஃபான்ட்ல ஒரு எழுத்தோட வால் அடுத்த எழுத்து மேல ஏறி உக்காரும். நீங்க கன்ட்ரோல் கியூ அடிச்சதும் டெக்ஸ்ட்டு மொத்தமும் ஒரே கர்வ், அதாவது வெறும் கோட்டுப் படம், ஆயிடும். ரெண்டு எழுத்து மேல மேல வர்ற இடத்த கோரல் காலின்னு எடுத்துக்கும், பிளேடும் அங்க வெட்டும். அன்டூ பண்ணி டெக்ஸ்ட்டாவே வெச்சு, ஒவ்வொரு எழுத்தும் தனியா வர்ற வரைக்கும் கன்ட்ரோல் கே அடிச்சுப் பிரிங்க. அப்புறம் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி வெல்டு குடுத்து ஒண்ணா ஒட்டிடுங்க. கர்வ் ஆக்கிட்டு கே அடிச்சா a, o வயிறு அடைச்சுக்கும், பாத்துக்க. எழுத்து நடுவுல இடைவெளியும் கூட்டாதீங்க, வால் அந்தரத்துல தொங்கும்.

கோட்டைவெளி: எல்லாமே கேப்பிடலா அடிச்சிருக்கீங்களா? மொத எழுத்து மட்டும் பெருசா வைங்க. எல்லாம் பெருசா இருந்தா ஒண்ணோட ஒண்ணு சேராது, படிக்கவும் வராது. ஃபோன் நம்பர் சாதா எழுத்துல போடுங்க, ஓடுற வண்டியில 3-ஆ 8-ஆன்னு தெரியாது.

லாங்பஜார்: தமிழ்லயே போட்டிருக்கலாம்.

பிளாட்டர்காரன்: அந்த ஃபான்ட்ல தமிழ் எழுத்தே கிடையாது, கட்டமா வரும், இல்லன்னா வேற ஃபான்ட்டுக்குத் தாவிடும்.

எழுத்தாணி: தமிழில் எழுத்துகள் தனித்தனியாகவே நிற்கும். தூரிகைச் சாயல் கோட்டின் தடிப்பிலும் சாய்விலும்தான் வரவேண்டும். அதற்கு போர்டு எழுதுபவர் கையே மேல்.

லாங்பஜார்: போர்டு எழுதறவர் சாயங்காலத்துக்குள்ள வந்து எழுதிக் குடுப்பாராமா?

எழுத்தாணி: அவர் எழுதியது பத்து வருஷம் நிற்கும். உங்கள் ஸ்டிக்கர் இரண்டு வெயில் தாங்காது.

லாங்பஜார்: வேலூர் வெயில்ல பெயின்டும்தான் உரியுது.

பேடாவேன்: ஓட்டை போச்சு, தேங்க்ஸ்ணா. நம்பரும் அதே ஸ்டைல்லதான் வேணுமாம், ஓனர் விடமாட்டேங்கறாரு. ஒட்டிட்டேன்.

கோட்டைவெளி: ஃபோட்டோ போடுங்க, நம்பர மறைச்சுட்டு.

லாங்பஜார்: மறைக்கவே வேணாம், யாராலயும் படிக்க முடியாது.