பொருள்: [கலைச்சொல்] இயங்குதளத்தின் ஃபேவரிட் கோப்புறைகள் – ‘பிடித்தவை’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

இரட்டைப் பலகக் கோப்பு மேலாளர் ஒன்றின் தமிழாக்கம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சில சரங்கள் (திரையில் தெரியும் சொற்றொடர்கள்) மட்டும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பட்டியில் (மெனுவில்) இரண்டு வரிகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, மென்பொருள் தானே வைத்துக்கொள்ளும் ஃபேவரிட் கோப்புறைகள். கண்ட்ரோலும் டி-யும் அழுத்தினால் விரியும் பட்டியல் அது. இரண்டாவது, விண்டோஸோ லினக்ஸோ தன் பக்கப் பலகத்தில் வைத்திருக்கும் ஃபேவரிட் கோப்புறைகளை இந்த மேலாளருக்குள்ளேயே திறப்பது.

முதலாவதற்குப் ‘பிடித்தவை’ என்று போட்டாயிற்று. இரண்டாவதற்கு ‘இயங்குதளப் பிடித்தவை’ என்றால், இயங்குதளத்துக்குப் பிடித்தவை என்றல்லவா படிக்கிறது? ‘விருப்பங்கள்’ என்ற சொல் அமைப்புகள் பட்டிக்குப் போய்விட்டது. ‘புத்தகக்குறி’ உலாவியோடு ஒட்டிக்கொண்டது. பரிந்துரை வேண்டும்.

---

மறுமொழி 1

> இயங்குதளத்துக்குப் பிடித்தவை என்றல்லவா படிக்கிறது?

விண்டோஸ் 10-இல் அது பாதி உண்மைதான்! அங்கே தெரியும் கோப்புறைகளில் சில நாம் வைத்தவை, சில தாமாக வந்து உட்கார்ந்தவை. சொல்லைத் தேடும் முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். விண்டோஸிலேயே ‘ஃபேவரிட்’ என்ற பெயரில் வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன, நிரலர்களே குழம்பிவிடுகிறார்கள்.

மிகப் பழையது, பயனர் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபேவரிட்ஸ்’. இது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் வலை முகவரிகளுக்கானது. உள்ளே இருப்பவை வலை இணைப்புக் கோப்புகள். பெயரைப் பார்த்து இதைத்தான் முதலில் திறப்பார்கள், பட்டியல் காலியாக வரும் அல்லது பழைய வலைத்தள முகவரிகளாக வரும். நமக்கு வேண்டியது இதுவல்ல.

விஸ்டா முதல் 8.1 வரை பக்கப் பலகத்தில் தெரிந்த ஃபேவரிட் பட்டியல் இருந்த இடம் வேறு: பயனர் கோப்புறைக்குள் ‘லிங்க்ஸ்’ என்றொரு கோப்புறை. ஒரு கோப்புறையை இழுத்துப் பட்டியலில் விட்டால் இங்கே ஒரு குறுக்குவழிக் கோப்பு உருவாகும், அவ்வளவுதான். எந்தக் கோப்பு மேலாளரிலும் இதைக் கையாள்வது எளிது. லிங்க்ஸ் கோப்புறையைத் தன் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் போதும், குறுக்குவழியில் எண்டர் தட்டினால் இலக்கு திறக்கும். ஆனால் பாதையை நிரலில் நேரடியாக எழுதிவிடக் கூடாது. லிங்க்ஸை வேறு வட்டுக்கு மாற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. ‘அறியப்பட்ட கோப்புறை’களுக்கான விண்டோஸ் செயற்கூற்றைக் கேட்டுத்தான் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2015-இல் வந்த விண்டோஸ் 10 இதைக் கைவிட்டு ‘குவிக் ஆக்சஸ்’ கொண்டுவந்தது. லிங்க்ஸ் கோப்புறை இன்னும் வட்டில் கிடக்கிறது, விண்டோஸின் கோப்பு எக்ஸ்ப்ளோரர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. “சேர்த்தேன், தெரியவில்லை” என்ற புகார்களில் பல இதிலிருந்துதான் பிறக்கின்றன: மேலாளர் பழைய லிங்க்ஸைப் படிக்கும், பயனர் புதிய பட்டியலில் சேர்த்திருப்பார்.

குவிக் ஆக்சஸின் தரவு, அண்மைக் கோப்புகளுக்கான கோப்புறைக்குள் ‘ஆட்டோமேட்டிக் டெஸ்டினேஷன்ஸ்’ என்ற துணைக் கோப்புறையில், பதினாறிலக்கப் பெயர் கொண்ட ஒரே கோப்பில் அடைந்திருக்கிறது. அந்தக் கோப்பை நேரடியாகப் பிரித்துப் படிக்கப் பார்ப்பது வீண் வேலை. அதன் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதை அழித்தால் குத்தி (‘பின்’ செய்து) வைத்தவை எல்லாம் போய், பட்டியல் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். சரியான வழி, ஷெல்லின் (விண்டோஸ் இடைமுகத்தின்) பெயர்வெளியில் குவிக் ஆக்சஸுக்கு உள்ள வகுப்பு எண்ணைக் கொடுத்து உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்பது. பவர்ஷெல் கட்டளைச் சாளரத்திலேயே மூன்று வரியில் சோதித்துப் பார்க்கலாம்.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை சில. வரும் பட்டியலில் அண்மைக் கோப்புகளும் கலந்திருக்கும், ஆகவே ‘இது கோப்புறையா’ என்று வடிகட்ட வேண்டும். ஜிப் கோப்பைக் காட்டினாலும் ஷெல் ‘ஆம், கோப்புறைதான்’ என்றே சொல்லும், அதையும் விலக்க வேண்டும். பயனர் குத்தியதா தானாக வந்ததா என்பதைத் தனியொரு பண்பு சொல்கிறது. என் கட்சி இதுதான்: நம் சொல்லும் அந்தப் பண்பைப் பின்பற்ற வேண்டும். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால், “நான் வைக்காதது ஏன் இங்கே இருக்கிறது” என்று கேட்பவருக்குத் தமிழில் பதில் சொல்லவே வழியிருக்காது.

இன்னொன்று. துண்டித்துக் கிடக்கும் பிணையக் கோப்புறை ஒன்று குத்தப்பட்டிருந்தால், அது இருக்கிறதா என்று சோதிக்கப் போன மேலாளர் பல நொடி உறைந்து நிற்கும். பட்டியை விரிக்கும்போது இருப்பைச் சோதிக்காமல், சொடுக்கும்போது மட்டும் சோதிப்பது உத்தமம். நிர்வாகி உரிமையோடு வேறு கணக்கில் மேலாளரை இயக்கினால் அந்தக் கணக்கின் பட்டியல்தான் வரும். அதே கணக்கில் உரிமையை மட்டும் உயர்த்தினாலும், எழுத்துப் பெயர் கொடுத்த பிணைய வட்டுகள் பெரும்பாலும் கண்ணில் படாது.

விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பில் முகப்புப் பக்கத்திலேயே ‘ஃபேவரிட்ஸ்’ என்றொரு பகுதி வந்தது. அது கோப்புகளுக்கு. கோப்புறைகள் குவிக் ஆக்சஸிலேயே இருக்கின்றன. ஆகவே ஆங்கிலச் சொல்லைப் பின்தொடர்ந்து போனால் எங்கும் போய்ச் சேரமாட்டோம்.

---

மறுமொழி 2

‘பின்’ செய்வதற்கு ‘முளையடி’ என்று வைத்தால் என்ன? முளையடித்த கோப்புறை நகராது. பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

---

மறுமொழி 3

முளையடிப்பது அழகுதான். ஆனால் நீக்குவதற்கு ‘முளை பிடுங்கு’ என்று பொத்தானில் எழுதினால் பயனர் அழுத்தப் பயப்படுவார்.

லினக்ஸ் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே தரவு திறந்த உரைக் கோப்பு, ஆனால் இரண்டு குடும்பம்.

க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன் மேசைச்சூழல்கள் வழியில் வருபவை ஜிடிகே என்ற இடைமுக நிரலகத்தின் புத்தகக்குறிக் கோப்பைப் படிக்கின்றன. பழைய ஜிடிகே 2 காலத்தில் அது பயனரின் வீட்டு அடைவிலேயே (அடைவு என்பது கோப்புறைதான்) மறைகோப்பாக இருந்தது. ஜிடிகே 3 வந்தபின் அமைவடிவ (கான்ஃபிக்) அடைவுக்குள் போய்விட்டது. ஒரு வரிக்கு ஓர் இடம். முதலில் முகவரி, ஓர் இடைவெளி, பிறகு வேண்டுமானால் காட்சிப் பெயர். முகவரி விழுக்காட்டுக் குறிகளால் குறியேற்றப்பட்டிருக்க வேண்டும், காட்சிப் பெயர் அப்படியே இருக்கலாம். தமிழ்ப் பெயருள்ள அடைவில் இது பெரிதாகத் தெரியும். ஒவ்வொரு ஒருங்குறிப் புள்ளிக்கும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாகும். ‘பாடல்’ என்ற அடைவு, துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்து 5 புள்ளிகள், கோப்பில் 45 எழுத்துகளாக நீளும். கையால் திருத்துபவர்கள் ‘பாடல்’ என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். சில மேலாளர்கள் அதை ஏற்கும், சில அந்த வரியை ஓசையின்றித் தவிர்த்துவிடும். பெயரில் இடைவெளி இருந்தால் இன்னும் மோசம்: இடைவெளிக்குப் பின்னுள்ளது காட்சிப் பெயராகிவிடும், முகவரி பாதியில் அறுந்து நிற்கும்.

கேடிஈ மேசைச்சூழலில் அதன் கோப்பு மேலாளரான டால்பினும் கோப்புத் திறக்கும் உரையாடலும் பகிர்ந்துகொள்வது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. வடிவம் 1998-இல் வந்த எக்ஸ்பெல். இதைப் படிக்கும் வெளி மேலாளர் செய்யும் வழக்கமான பிழை, மறைத்ததாகக் குறிப்பு உள்ள இடங்களையும் காட்டிவிடுவது. பயனர் டால்பினில் மறைத்தது இங்கே முளைத்தால் எரிச்சல்தான் வரும்.

கோப்பு மாறியதும் நம் பட்டியலும் மாற வேண்டுமானால், அந்தக் கோப்பைக் கண்காணிக்காதீர்கள், அது இருக்கும் அடைவைக் கண்காணியுங்கள். பெரும்பாலான நிரல்கள் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பழையதன் மேல் பெயர்மாற்றுகின்றன. பழைய கோப்பின் மேல் வைத்த கண்காணிப்பு அதோடு செத்துப்போகும், இரண்டாவது மாற்றம் நமக்குத் தெரியவே தெரியாது.

மேசைப்புறம், பதிவிறக்கங்கள் போன்ற நிலையான அடைவுகள் தனிக் கணக்கு. அவற்றின் இடத்தைப் பயனர் அடைவுகள் கோப்பு சொல்லும். விண்டோஸில் இவற்றின் மொழிபெயர்ப்பு வெறும் காட்சிக்கு, வட்டில் ஆங்கிலப் பெயரே இருக்கும். லினக்ஸில் தமிழ் இடச்சூழலை (மொழி, வட்டார அமைப்பை) தேர்ந்தால் வட்டில் உள்ள பெயரே தமிழாகலாம். அதனால் மேலாளர் இவற்றை மறுபடி மொழிபெயர்க்கக் கூடாது. இன்னொரு பொறி: பயனர் ‘வார்ப்புருக்கள்’ அடைவை அழித்துவிட்டால் அந்த வரி வீட்டு அடைவைச் சுட்டத் தொடங்கும். பட்டியலில் வீடு பல பெயரில் வரும். வீட்டோடு ஒத்துப்போகும் வரிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

சொல்லுக்கு என் பரிந்துரை: பயனர் வைத்தது ‘குறித்த கோப்புறை’, தானாக வந்தது ‘புழங்கிய கோப்புறை’.

---

மறுமொழி 4

‘புழங்கிய’ நன்று. ‘அடிக்கடி பயன்படுத்திய’ என்பது பலகத்தின் அகலத்தைத் தின்றுவிடும்.

‘குறித்த’ இந்த மென்பொருளில் ஆகாது ஐயா. இரட்டைப் பலக மேலாளர்களில் இன்செர்ட் விசையால் கோப்புகளைத் தேர்வதற்கே ‘குறி’, ‘குறிநீக்கு’ என்று போட்டிருக்கிறோம். ‘குறித்த கோப்புறைகளுக்குச் செல்’ என்றால் தேர்ந்தெடுத்தவற்றுக்குப் போகச் சொல்வதாகப் படும். அதற்கு அடுத்த வரியே ‘குறித்தவற்றை அழி’ என்றிருந்தால் கேட்கவே வேண்டாம். ‘குறிச்சொல்’ வேறு இருக்கிறது. ‘பொருத்து’ என்பதையும் தொடாதீர்கள், வட்டை மவுண்ட் செய்வதற்கு அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பாடநூல்களில் ‘பணிசெயல் முறைமை’ என்றே மாணவர் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ‘இயங்குதளம்’. சரத்தில் இரண்டையும் தவிர்க்கலாம்: விண்டோஸ் என்றோ க்னோம் என்றோ பெயரையே போட்டால் இருவருக்கும் விளங்கும்.

ஆனால் பெயரை நிரப்பிடமாக (ஓடும்போது பெயர் வந்து நிரம்பும் இடமாக) விட்டு, ‘இன்’ உருபைப் பின்னால் ஒட்டாதீர்கள். ‘விண்டோஸ்இன்’, ‘க்னோம்இன்’ என்று உடைந்து நிற்கும். பெயருக்கு அடுத்து முக்காற்புள்ளி வைத்தால் புணர்ச்சிச் சிக்கலே எழாது.

சொல்லுக்கு: ‘கைவசம்’. கைவசம் வை, கைவசத்திலிருந்து எடு. பேச்சில் ஏற்கெனவே இருப்பது, நான்கே எழுத்து, கணினியில் வேறு எதற்கும் பயன்படவில்லை.

---

மறுமொழி 5

> ‘கைவசம்’

‘வசம்’ வடசொல் என்று யாரேனும் எழுதும் முன் சொல்லிவிடுகிறேன்: ‘கைக்கெட்டியவை’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். வினையாக்க முடியவில்லை. ‘கைக்கெட்டச் செய்’ என்று எந்தப் பட்டியிலும் எழுத முடியாது. கைவசம் சரிப்படுகிறது, என் வாக்கும் அதற்கே. மென்பொருளின் சொந்தப் பட்டியலுக்கும் அதையே வைப்போம். இரண்டும் ஒரே வகைப் பொருள், வைத்திருக்கும் இடம்தான் வேறு. ‘பிடித்தவை’யை எடுத்துவிடலாம்.

விரைவு எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மேலாளரில் பட்டிப் பெயருக்குள் உம்மைக் குறி (ஆம்பர்சாண்ட்) வைத்தால் அடுத்த எழுத்து அடிக்கோடிட்டு விரைவு விசையாகும். தமிழில் உயிர்மெய்யின் நடுவே அது விழுந்தால் துணைக்கால் தனியே பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும். சொல்லின் முதலில் வைத்தாலும், விசைப்பலகை ஆங்கில நிலையில் இருப்பவருக்குத் தமிழ் விசை வேலை செய்யாது. எண்ணை முன்னே வைத்து அதற்கு உம்மைக் குறி கொடுங்கள். 1 முதல் 9 வரை எந்த விசைப்பலகை நிலையிலும் அழுத்தலாம்.

---

மறுமொழி 6

நன்றி. சரங்களை இப்படி ஏற்றுகிறேன். இரண்டு நாளில் மறுப்பு வராவிட்டால் நிரலின் கிளையில் சேர்ப்பேன்.

பட்டியில் ‘கைவசம்: இங்கே’, அதற்கடுத்து ‘கைவசம்: விண்டோஸ்’. லினக்ஸில் கட்டமைத்தால் ‘கைவசம்: க்னோம்’ அல்லது ‘கைவசம்: கேடிஈ’. உள்ளே ஒரு கோடு, அதன்கீழ் ‘புழங்கியவை’, இது இயல்பாக மறைத்திருக்கும். வலச்சொடுக்கில் ‘கைவசம் வை’, ‘கைவசத்திலிருந்து எடு’. ‘நீக்கு’ என்று போடாததற்குக் காரணம் உண்டு: அழிப்பதற்கான சரமும் ‘நீக்கு’ என்று தொடங்குகிறது. கோப்புறையே அழிந்துவிடுமோ என்ற ஐயம் ஒரு நொடிகூட எழக் கூடாது. எடுக்கும்போது வரும் குறிப்பிலும் ‘கோப்புறை வட்டில் அப்படியே இருக்கும்’ என்று சேர்த்திருக்கிறேன்.

சொடுக்கியபோது இலக்கு கிடைக்காவிட்டால்: ‘கோப்புறை கிடைக்கவில்லை. இடம் மாறியிருக்கலாம், அல்லது பிணையம் துண்டித்திருக்கலாம். கைவசத்திலிருந்து எடுக்கவா?’ இயல்பான பொத்தான் ‘வேண்டாம்’. பிணையம் திரும்பி வந்ததும் அதே வரி வேலை செய்யும், அவசரப்பட்டு எடுத்துவிட்டால் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும்.

மேக் பதிப்புக்கும் இதே சரங்கள் போதும். அங்கே ஃபைண்டரின் பட்டியல் பாதைகளாக இல்லாமல் அடையாளத் தரவாகச் சேமிக்கப்படுகிறது. கோப்புறையை நகர்த்தினாலும் பெயர் மாற்றினாலும் அது தேடிப் பிடித்துவிடும். ஆகவே அங்கே ‘இடம் மாறியிருக்கலாம்’ என்ற சொற்களை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பதிப்பைக் கட்டமைப்பவர் பார்த்துச் சொல்லவும்.